மூன்றாம் ஓலை

பெண் பார்க்க வந்தவர்களிடம் அருள்ஜோசப் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். ஊரில் மற்றவர்கள் மாப்பிள்ளையின் படிப்பைக் கேட்பார்கள், சொந்த வீடா என்று கேட்பார்கள், குடிப்பழக்கம் உண்டா என்று சுற்றி வளைத்து விசாரிப்பார்கள். இவர் காபியைக் கீழே வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். தம்பிக்குத் துப்பாக்கி பிடிக்கிற வேலையா, இல்லையா?

மாப்பிள்ளை ஸ்டெபினின் அம்மா அந்தோணியம்மா, எலத்தகிரியிலிருந்து வந்திருந்தார். இந்தக் கேள்விக்குத் தயாராகவே வந்தவர்போலச் சட்டென்று பதில் சொன்னார்.

"இல்லீங்கண்ணா. மிலிட்டரி ஆஸ்பத்திரியில நர்சிங். கட்டுப் போடறதும் ஊசி போடறதுந்தான். அவன் கையில மருந்துப் பைதாங்க இருக்கும்."

அருள்ஜோசப்புக்கு அது போதும். அவர் மனைவி மேரிராணிக்கு இன்னும் நாலைந்து கேள்விகள் பாக்கி இருந்தன. ஆனால் மகள் எஸ்லினின் முகத்தைப் பார்த்ததும் அவளும் அடங்கிவிட்டாள். எஸ்லின் ஸ்டெபினைப் பார்த்து முடித்து, பிடித்தும் போய், பலகாரத் தட்டை எடுக்கிற சாக்கில் இன்னொரு முறையும் பார்த்துவிட்டிருந்தாள்.

அருள்ஜோசப்பின் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அவருடைய தங்கை ஸ்டெல்லாவைப் பட்டாளத்துக்காரருக்குத்தான் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனிதர். லீவில் வந்தால் வீடே கலகலக்கும். சண்டை என்றால் என்ன, அதில் யாரைச் சுடலாம், யாரைச் சுடக்கூடாது என்றெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து விளக்குவார். வைத்தியம் பார்க்கிறவனைத் தொடக்கூடாது மச்சான், சாமியாரைத் தொடக்கூடாது, ஊர் சனத்தைத் தொடக்கூடாது, துப்பாக்கி இல்லாதவனைத் தொட்டால் அது சண்டையே இல்லை என்பார். கார்கில் சமயத்தில் அவர் போய்விட்டார். அவர் கையில் துப்பாக்கி இருந்தது. அதற்குப் பிறகு ஸ்டெல்லா அண்ணன் வீட்டிலேயே இருந்து, அதே வருடம் பிறந்த எஸ்லினை மடியில் போட்டு வளர்த்து, இரண்டு வருடத்துக்கு முன்னால் நோய்வாய்ப்பட்டு இறந்தாள். தங்கை ஒவ்வொரு நாளும் தலைவாரிப் பூ வைக்காமல் எழுந்து போவதைப் பார்த்துப் பார்த்து அருள்ஜோசப் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். துப்பாக்கி பிடித்தால் ஆபத்து, பிடிக்காவிட்டால் இல்லை. மச்சான் சொல்லிவிட்டுப் போன சட்டத்தை அவர் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

ஆகவே ஓசூரை ஒட்டிய தங்கள் ஊர் மூக்கண்டப்பள்ளி முழுக்க அவர் சொல்லி வைத்தது, மாப்பிள்ளைக்கு வடக்கே ஆஸ்பத்திரியில் வேலை என்று. முன்னாலிருந்த 'மிலிட்டரி'யை அவர் நாக்கு தானாகவே விழுங்கிவிட்டது. பொய் என்று சொல்ல முடியாது. உண்மையை அரைவேக்காட்டில் இறக்கி வைத்தார், அவ்வளவுதான்.

கத்தோலிக்கர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணம் முடிக்க இருக்கிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று சாமியார் பூசை முடியும் நேரத்தில் படிப்பார். ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு முதல் ஓலை. மே மாதம் பிறந்ததும் இரண்டாவது. இரண்டு முறையும் ஆண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, தடை சொல்ல எவனாவது இருக்கிறானா பார்ப்போம் என்கிற மாதிரி அருள்ஜோசப் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எவனும் இல்லை. மூன்றாவது ஓலைக்கு முந்தைய புதன்கிழமை சண்டை மூண்டது.

அன்று விடிந்ததிலிருந்து தொலைக்காட்சியில் அபாயச் சங்கு ஊதிக்கொண்டே இருந்தார்கள். எல்லைக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஓசூரில் அதைக் கேட்டு பால்காரன் வண்டியை ஓரம் கட்டினான். அருள்ஜோசப் மட்டும் பதறவில்லை. ஆஸ்பத்திரி என்றால் அவர் மனதில் ஒரு பெரிய காம்பவுண்டுச் சுவரும், வேப்பமரமும், வெள்ளைப் படுக்கைகளும் இருந்தன. ஆஸ்பத்திரி மேல் எவன் குண்டு போடுவான்? இருந்தாலும் சாயங்காலம் மாதா படத்துக்கு முன்னால் கூடுதலாக ஒரு செபம் சொன்னார்.

அந்தப் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி வைக்கிற தாங்கியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது கடையில் வாங்கியதல்ல. அருள்ஜோசப் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காலமெல்லாம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். அங்கே உருப்படிகளை வரைபடத்தில் இருக்கிற நீள நீளமான எண்களால் யாரும் கூப்பிடுவதில்லை. பார்த்தால் வீட்டுச் சாமான் எது ஞாபகம் வருகிறதோ, அதுதான் பெயர். சொம்பு, மூடி, உலக்கை, இட்லித்தட்டு என்று ஒரு சமையலறையே அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. அவருடைய கடைசி வருடத்தில் 'டம்ளர்' என்று ஒன்று வந்தது. அலுமினியத்தில் கைக்கு அடக்கமான உருப்படி, அடியில் திருகி மாட்டுவதற்கு மரை. அந்த மரை யாருக்கும் சரியாக விழவில்லை. அருள்ஜோசப்தான் மூன்று மாதம் மல்லுக்கட்டி அதை வழிக்குக் கொண்டுவந்தார். ஒதுக்கித் தள்ளிய சோதனை உருப்படிகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மேரிராணி அதில் மெழுகுவத்தியைச் செருகிப் பார்த்தாள். அளவெடுத்துச் செய்ததுபோல் நின்றது. இன்று அதே கம்பெனியில் எஸ்லின் இருக்கிறாள். கடைசிப் பரிசோதனை மேசையில் உட்கார்ந்து, டம்ளர்களை ஒவ்வொன்றாக அளவு பார்க்கும் கேஜ் வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சைப் பொட்டு ஒட்டுவது அவள் வேலை.

வியாழக்கிழமை காலையில் மெஹபூப் பாஷாவின் டீக்கடையில் கணக்குத் தப்பியது.

பாஷா அருள்ஜோசப்புக்குப் பழைய சிநேகிதர். கடையில் இருந்த டிவியை அன்று அணைத்து வைத்திருந்தார். கிரிக்கெட் பார்க்கிற மாதிரி கை தட்டுறானுங்க, டீ ஆத்தவே கை வரல என்று அதற்குக் காரணம் சொன்னார். பிறகு கைபேசியை நீட்டினார். எலத்தகிரியில் அவருக்குத் தெரிந்தவர் அனுப்பிய படம். கோயில் வாசலில் இளைஞர் மன்றத்தார் கட்டிய பேனர். 'போர்முனையில் நம் பங்கின் சிங்கம்' என்று கொட்டை எழுத்து. பின்னால் இரண்டு டாங்கி, மேலே மூன்று விமானம், நடுவில் ஸ்டெபின். அவன் கையில் அவன் உயரத்துக்கு ஒரு துப்பாக்கி.

"மாப்ள மிலிட்டரின்னு நீ சொல்லவே இல்லியேப்பா" என்றார் பாஷா.

பேனர் அடிக்கிற பையன் கம்ப்யூட்டரில் ஒட்டிய துப்பாக்கி அது என்பது யாருக்கும் தெரியும். படத்தில் ஸ்டெபினின் ஒரு கைக்கு ஆறு விரல் இருந்தது. இந்த ஊர்ப் பக்கம் பேனரில் காதுகுத்துக் குழந்தையே சிங்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். அருள்ஜோசப்பும் அதையெல்லாம் பார்த்துச் சிரித்தவர்தான். இன்று அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கண் துப்பாக்கியையும் பார்க்கவில்லை. 'போர்முனையில்' என்ற எழுத்திலேயே நின்றுவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அந்தோணியம்மாவுக்குப் போன் போட்டு அவர் பேசிய பேச்சை இங்கே எழுதுவதற்கில்லை. மேரிராணி கையெடுத்துக் கும்பிட்டும் அவர் நிறுத்தவில்லை. அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் உள்ளதைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் இருந்தது உண்மைதான். ஆறு மாதத்துக்கு முன்னால் எல்லைப் பக்கம் ஒரு பட்டாலியனோடு அனுப்பிவிட்டார்கள். அடிபட்டவர்களை முதலில் கொண்டுவந்து போடுகிற இடத்தில் இருக்கிறான். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு போன் இல்லை.

"துப்பாக்கி இல்லன்னு சொன்னது நெசந்தாண்ணா. அது இல்லாம அங்க நிக்கறானேன்னுதான் எனக்கு வயித்துல நெருப்பு" என்று சொல்லிவிட்டு அவர் அழுதார்.

அருள்ஜோசப் போனை வைத்தார். அந்த அழுகை அவரை அசைத்தது. அசைந்தது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று இன்னும் கோபமாக முகத்தை வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனார். மூன்றாம் ஓலையை வாசிக்கக் கூடாது என்றார்.

சாமியார் இளைஞர், ஆனால் அவசரப்படாதவர். என்ன தடை என்று கேட்டார். இரத்த உறவா, மாப்பிள்ளைக்கு முந்தைய கல்யாணம் உண்டா, வேறு ஏதாவதா? அருள்ஜோசப் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். பிறகு என்ன என்றார் சாமியார்.

"பயமா இருக்குது சாமி" என்றார் அருள்ஜோசப்.

அதைச் சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. சாமியார் ஒன்றும் சிரிக்கவில்லை. பயத்துக்குத் திருச்சபைச் சட்டத்தில் இடமில்லை, ஆனால் பெண்ணுக்கு இஷ்டமில்லை என்றால் அந்தக் கணமே நிறுத்திவிடுவேன் என்றார். எஸ்லினே வந்து தன் வாயால் சொல்ல வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் வரை பொறுப்பேன், அதற்குள் அவள் வராவிட்டால் ஞாயிறு ஓலையைப் படித்துவிடுவேன். அருள்ஜோசப் தலையசைத்துவிட்டு வந்தார். எஸ்லினைச் சம்மதிக்க வைப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை என்று நினைத்தார். பெற்று வளர்த்த அப்பனுக்கு மகளைப் பற்றித் தெரியாதது என்ன இருக்கப்போகிறது?

அந்த வாரம் எஸ்லினைப் பிடிப்பதே கஷ்டமாக இருந்தது. கம்பெனியில் அவசர ஆர்டர் என்று ஷிப்டை நீட்டியிருந்தார்கள். விடியலில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டியபிறகு வந்து, இரண்டு வாய் சாப்பிட்டுப் படுத்துவிடுவாள். போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுத்தாள். அது ஒலிக்கவில்லை. சனிக்கிழமை மட்டும் மத்தியான ஷிப்டோடு விட்டார்கள். மூன்று மணிக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். அருள்ஜோசப் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னார். ஏமாற்றிவிட்டார்கள் என்றார். உன் அத்தையைப் பார்த்தும் தெரியவில்லையா என்றார். நாம் உண்டு நம் வேலை உண்டு என்று இருக்கிற குடும்பம், சண்டைக்கும் நமக்கும் எட்டாத தூரம், அதை எதற்கு வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றார். மேரிராணி அடுப்படி வாசலில் நின்று முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

அவர் முடித்ததும் எஸ்லின், அத்தை ஒருநாள்கூட அந்த மனுசனைக் கட்டிருக்கக் கூடாதுன்னு சொன்னதில்லப்பா என்றாள். பிறகு எழுந்துபோய் மாதா படத்துக்கு முன்னாலிருந்த தாங்கியை எடுத்து வந்தாள். மெழுகு வழிந்து உறைந்திருந்தது. அதை அப்பாவின் கையில் வைத்தாள்.

"இது என்னன்னு தெரியுமாப்பா?"

டம்ளர் என்றார் அவர்.

"எதுல மாட்டறதுன்னு தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. ஏதோ பம்பில் வரும் என்று நினைத்திருந்தார். அப்படிக்கூட நினைத்தாரா என்பது சந்தேகம்தான். கொடுத்த அளவுக்குக் கடைந்து கொடுப்பது அவர் வேலை, எங்கே போகிறது என்று கேட்பது யாருடைய வேலையும் அல்ல.

"பீரங்கிக் குண்டுப்பா. குண்டோட மூக்குல இதைத் திருகி வெப்பாங்க. விழுந்ததும் வெடிக்க வெக்கறது இதுக்குள்ளதான் இருக்குமாம். பொங்கல் கழிச்சு மிலிட்டரி ஆளுங்க வந்து செக் பண்ணாங்க. அன்னிக்கி முழுக் குண்டையும் படத்துல காட்டுனாங்க. அதுல நம்ம டம்ளர் பளபளன்னு உக்காந்திருந்துச்சு."

அருள்ஜோசப்பின் கை சூடு பட்டதுபோல் விலகப் பார்த்தது. ஆனால் விடவில்லை. கட்டைவிரல் தன் பழக்கத்துக்கு மரையைத் தடவியது. எவ்வளவு நல்ல மரை. இன்றைக்கும் அதில் ஒரு பிசிறு கிடையாது.

எஸ்லின் தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"சாமியாரு தடை இருந்தா வந்து சொல்லச் சொன்னாரு இல்ல, இருக்குது. எம் பக்கம் இருக்குது. அவரு கட்டுப் போடறது யாருக்குன்னு அவருக்குத் தெரியும். நான் பச்சைப் பொட்டு ஒட்டி அனுப்பறது யாரு மேல விழும்னு எனக்குத் தெரியாது. இதை நான் அவருகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா வேணாம்னு சொல்லிருவாரோன்னு எனக்குப் பயமா இருக்குதுப்பா."

நேற்று சாமியாரிடம் தான் சொன்ன அதே வார்த்தை மகள் வாயிலிருந்து வந்ததும் அருள்ஜோசப்புக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் தலைமேல் கையை வைத்தார். மகளைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்த மனிதர், இத்தனை மாதமாக அவள் இதை ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டு பஸ் ஏறி இறங்கியதை நினைத்து மனம் உடைந்துபோனார். அந்தச் சுமையைக் கடைந்து கொடுத்ததே தன் கைதான் என்பதும் அவருக்கு உறைத்தது.

அப்போதுதான் போன் ஒலித்தது. தெரியாத எண். எஸ்லின் ஒரே பாய்ச்சலில் எடுத்தாள். அவர்தான் என்று உதடு மட்டும் அசைந்தது. அப்பாவும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டுக் கீழே வைத்தாள்.

நாலைந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள், சீக்கிரம் பேச வேண்டும் என்றான் ஸ்டெபின். இருக்கிற இடத்தைச் சொல்லக் கூடாதாம். அருள்ஜோசப் அவனைக் கேட்பதற்கென்று நாக்கு நுனியில் வைத்திருந்த கேள்விகள் எத்தனையோ. வாயைத் திறந்ததும், சாப்ட்டியா தம்பி என்றுதான் வந்தது.

"சாப்ட்டன் மாமா. அம்மா உங்ககிட்ட பாதிதான் சொல்லிருக்காங்கன்னு இப்ப அவங்ககிட்ட பேசுனப்பதான் தெரிஞ்சுது. நான் முன்னாலயே உங்ககிட்ட நேரா பேசிருக்கணும். நீங்க வேணாம்னு சொன்னா நான் தப்பா எடுத்துக்க மாட்டன்."

அருள்ஜோசப் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். துப்பாக்கி இல்லாதவங்களத் தொட மாட்டாங்கன்னு சொல்வாங்களே தம்பி என்றார். சின்னப் பையன் வாத்தியாரிடம் கேட்பதுபோல அவர் குரல் இருந்தது.

இரைச்சலுக்கு நடுவே ஸ்டெபின் சொன்னான்.

"எங்களுக்கும் அப்டித்தான் சொல்லிக் குடுத்தாங்க மாமா. குண்டுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. ஊருக்குள்ள விழுந்துருச்சு. மொத ரெண்டு நாளும் எங்ககிட்ட வந்ததுல பாதிப் பேரு ஊர் சனந்தான். ஒருத்தரு, உங்க வயசிருக்கும், மகளைத் தூக்கிட்டு ஓடியாந்தாரு. புள்ளைக்குத் தோள்ல காயம். பொழைச்சிரும், பயமில்லன்னு சொன்னன். அவரு பாஷை வேற, என் இந்தி வேற. அவருக்கு நம்பிக்கை வரல. என் சட்டைக் கையைப் புடிச்சவரு விடவே இல்ல மாமா. விடச் சொல்ல எனக்கும் மனசு வரல. மிச்சமிருந்த ஒரு கையாலயே கட்டுப் போட்டு முடிச்சன்."

மேரிராணி அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். எஸ்லின் போனருகே குனிந்தாள். நான் ஒண்ணு சொல்லணும் என்று தொடங்கி, டம்ளரைப் பற்றிச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அப்பா கடைந்ததைச் சொன்னாள், தான் பொட்டு ஒட்டுவதைச் சொன்னாள், இந்த வாரம் முழுக்க அதற்காகத்தான் ஷிப்டு நீண்டது என்பதையும் சொன்னாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எஸ்லின், இங்க வந்து விழறதுலயும் அந்தப் பக்கத்துல யாரோ ஒரு பொண்ணு இந்த மாதிரி பொட்டு ஒட்டிருப்பா. நேத்துகூட அதை நெனைச்சன். அவளுக்கும் ஒரு அப்பா இருப்பாரு, கல்யாணம் பேசிட்டிருப்பாங்க. அவ மேல எனக்குக் கோவமே வரல. உம் மேல எப்டி வரும்?"

பின்னால் யாரோ அவசரப்படுத்தினார்கள். நாளைக்கு ஓலை படிப்பாங்களா மாமா என்று மட்டும் கேட்டான். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

அருள்ஜோசப் நாற்காலியிலிருந்து எழுந்தார். வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். கிளம்பு கண்ணு, சாமியாரு காத்திருப்பாரு என்றார். எஸ்லின் என்ன சொல்லப் போறீங்க என்று கேட்டாள். கேட்டுட்டுப் போயிட்டானே, பதில் சொல்ல வேணாமா என்றார் அவர்.

மேரிராணி அந்தத் தாங்கியை எடுத்துக் குப்பையில் போடப் போனாள். அவர் அதை வாங்கி மறுபடி மாதா படத்துக்கு முன்னால் வைத்தார்.

"இருக்கட்டும் மேரி. இது ஒண்ணாவது மெழுகுவத்தியைப் புடிச்சிட்டு இருக்கட்டும்."

கோயிலுக்குப் போகிற வழியில் கடைக்குக் கடை டிவியில் கூட்டம். சண்டை நிறுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மெஹபூப் பாஷா கடை வாசலுக்கே ஓடி வந்து சேதி சொல்லி அருள்ஜோசப்பின் கையைக் குலுக்கினார். எஸ்லின் அங்கேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் அருள்ஜோசப் அதைக் கேட்டு நடையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. நின்றது மறுபடி தொடங்கலாம் என்பது அவருக்குத் தெரியும். அது தெரிந்தேதான் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தார்.

சாமியாரிடம் எஸ்லின் தன் வாயால் சொன்னாள், தடை எதுவும் இல்லை என்று. லீவு எப்போது கிடைக்கும் என்று தெரியாததால் கல்யாணத் தேதி தள்ளிப்போகலாம். போனால் போகட்டும், வாசித்த ஓலை அப்படியே நிற்கும் என்றார் சாமியார். மறுநாள் பூசையை ஒரு வேண்டுதல் கருத்துக்காக ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று அருள்ஜோசப் கேட்டார். மாப்பிள்ளைக்காகவா என்று கேட்டபடி சாமியார் பேனாவைத் திறந்தார். துப்பாக்கி இல்லாதவங்களுக்காக என்று எழுதிக்கங்க சாமி என்றார் அருள்ஜோசப். எந்தப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு என்று கேட்டார் சாமியார்.

"பக்கம் போட வேணாம் சாமி."

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. பேனர் படம் இதற்குள் மூக்கண்டப்பள்ளியில் எல்லார் கைபேசியிலும் சுற்றி வந்துவிட்டதால் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நாளைக் காலை எஸ்லின் அதே பஸ் ஏறி அதே மேசைக்குத்தான் போவாள். ஆஸ்பத்திரி மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொன்னவர் இப்போது என்ன சொல்லப்போகிறார் என்று சிலருக்கு ஆவல். சாமியார் ஓலைத் தாளை எடுத்ததும் ஆண்கள் பக்கத்து முதல் வரிசையிலிருந்து அருள்ஜோசப் எழுந்தார். நடுவழியைக் கடந்து பெண்கள் பக்கம் போனார். அந்தக் கோயிலில் அப்படி ஓர் ஆம்பிளை வந்து நின்றதில்லை. பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டார்கள். அவர் மகள் பக்கத்தில் போய் நின்றார்.

"எலத்தகிரிப் பங்கைச் சேர்ந்த அந்தோணியம்மாவின் மகன் ஸ்டெபினுக்கும், நம் பங்கைச் சேர்ந்த அருள்ஜோசப், மேரிராணி இவர்களின் மகள் எஸ்லினுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இது மூன்றாம் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள்..."

சாமியார் வழக்கம்போல அங்கே ஒரு கணம் நிறுத்தினார். அந்த ஒரு கணத்தில் அருள்ஜோசப்பின் பயம் மொத்தமும் திரும்பி வந்தது. ஸ்டெல்லா வந்தாள், பேனர் வந்தது, பெயர் தெரியாத ஊரில் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த அந்த மனிதர் வந்தார். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே எஸ்லினின் இடது சட்டைக் கையை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார்.

எஸ்லின் குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். விடச் சொல்லவில்லை. சாமியார் ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கியபோது, மிச்சமிருந்த ஒரு கையாலேயே சிலுவை போட்டு முடித்தாள்.